ரப்பர் தோட்டத்தில் குடும்பத்தோடு ஏடிவி: டயர் ஏன் போகிறது, வண்டி ஏன் சாய்கிறது

கேள்வி சுருக்கமாக இதுதான். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் சொந்த ரப்பர் தோட்டம், அதை ஒட்டியே சொந்தக்காரர் தோட்டம். பெரிய ஏடிவி (கரடுமுரடான தடத்தில் ஓட்டும், பைக் மாதிரி கைப்பிடி வைத்த நாலு சக்கர வண்டி) இரண்டு, பிள்ளைகளுக்குச் சின்னது ஒன்று. கல்ஃபிலிருந்து அண்ணன் குடும்பம் வந்திருந்தபோது எல்லாரும் சேர்ந்து ஒரு சுற்றுப் போயிருக்கிறார்கள். ஒரு வண்டியின் பின் டயர் இறக்கத்தில் ரிம்மை விட்டே கழன்றுவிட்டது. இன்னொன்றின் முன் டயருக்கு இரண்டு ஸ்ட்ரிப் (பஞ்சர் ஓட்டையில் திணிக்கும் ஒட்டும் ரப்பர் திரி) போட்டும் காற்று நிற்கவில்லை. கடைசியில் மதினி பின்னால் உட்கார்ந்திருந்த வண்டி ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கிச் சாய்ந்து, அவருக்கு முழங்காலில் அடி. டயர் மட்டமா, டியூப் போட்டுவிடலாமா, என்னென்ன எடுத்துப்போக வேண்டும், அண்ணன் மகன் 13 வயசு, பெரிய வண்டி கேட்கிறான், கொடுக்கலாமா?

டயர் மட்டமில்லை. நீங்களே ஒரு வரியில் பதிலைச் சொல்லிவிட்டீர்கள், கவனித்தீர்களா தெரியவில்லை: "பெட்ரோல் பங்கில் 15 வைத்தோம், ரொம்பக் குலுங்கியது, அண்ணன் வழியிலேயே கொஞ்சம் கொஞ்சம் இறக்கிவிட்டார்." பின் டயர் கழன்றது அந்த "கொஞ்சம் கொஞ்சத்தில்" தான்.

ஏடிவி டயரில் காற்றை கார், பைக் கணக்கில் பார்க்கக் கூடாது. காருக்கு 30, 33 என்று வைக்கிறோம். பெரிய ஏடிவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு, பங்கில் சொல்லும் அதே எண்) தான். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, சேறு பிடித்து மறைந்திருந்தால் துடைத்துப் பாருங்கள். இவ்வளவு குறைவாக வைப்பதால்தான் அந்தக் குண்டு டயர் கல்லிலும் வேரிலும் அமுங்கி ஏறுகிறது, குலுக்கலில் பெரும்பங்கை டயரே வாங்கிக்கொள்கிறது. 15 வைத்தால் வண்டி துள்ளும், ஸ்டியரிங் கையில் நிற்காது, பிடிமானமும் போகும். அண்ணன் காற்றை இறக்கியது சரியான யோசனைதான், ஆனால் மீட்டர் இல்லாமல் இறக்கினார். இந்த டயரின் பக்கச்சுவர் தடிமன். உள்ளே 2 பிஎஸ்ஐ இருந்தாலும் பார்வைக்கு நிரம்பியே இருக்கும், கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. நாலு டயரில் ஒன்று 6ல் நின்றிருக்கும், ஒன்று 2க்கு வந்திருக்கும், வண்டி ஒரு பக்கம் இழுத்திருக்கும், அதை யாரும் டயரோடு சேர்த்து யோசித்திருக்க மாட்டார்கள்.

அதனால் முதலில் வாங்க வேண்டிய சாமான் குறைந்த அழுத்தத்துக்கென்றே வரும் மீட்டர், 0 முதல் 10 அல்லது 15 வரை மட்டும் காட்டுவது. கார் மீட்டரின் அடிப்பகுதியில் 5க்கும் 8க்கும் உள்ள வித்தியாசத்தை நம்ப முடியாது. விலை பெரிதாக ஒன்றும் இல்லை. காற்று பார்ப்பது காலையில், வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. காலை 25 டிகிரியில் 5 பிஎஸ்ஐ வைத்த டயர் வெயிலிலும் ஓட்டத்திலும் 45 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 1.3 பிஎஸ்ஐ ஏறும். காரில் அதே சூட்டுக்கு 3 வரை ஏறும், ஆனால் 32ல் 3 ஏறினால் யாருக்கும் தெரியாது, 5ல் 1.3 என்பது கால் பங்கு. சூட்டில் பார்த்துவிட்டு "கூடிப்போச்சு" என்று இறக்கினால் மறுநாள் காலை டயர் பட்டினி.

சரி, டயர் எப்படிக் கழல்கிறது? டயரின் உள்விளிம்பில் கம்பி வைத்த வளையம் இருக்கிறது, பஞ்சர் கடையில் பீடிங் என்பார்கள். அதை ரிம்மின் விளிம்போடு அழுத்திப் பிடித்திருப்பது முக்கியமாக உள்ளே இருக்கும் காற்றுதான். நம்ம ஊர்ச் சரிவுகளில் ரப்பரைத் தட்டுத்தட்டாக வெட்டித்தான் நட்டிருக்கிறார்கள். மேல் தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்கும்போதே திருப்பினால் எடை வெளிப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்து, டயரைப் பக்கவாட்டில் தள்ளும். உள்ளே 2 பிஎஸ்ஐ, மேலே இரண்டு பெரியவர்கள் என்றால் பீடிங் ரிம்மை விட்டு நழுவி, ஒரே மூச்சில் காற்று போய்விடும். இறக்கத்தில் நேராக இறங்கி, தட்டுக்கு வந்தபிறகு திருப்புங்கள்.

கழன்ற டயரை அங்கேயே ஏற்ற முடியும். நீங்கள் வண்டியைப் பிக்கப்பில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனது தேவையில்லாத அலைச்சல். வண்டியைச் சமதளத்துக்குக் கொண்டுவந்து, மற்ற சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகைத்துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் செம்மண்ணில் ஜாக்கிதான் இறங்கும், வண்டி ஏறாது. சக்கரத்தைக் கழற்றி, பீடிங் உட்காரும் இடத்தை ரிம்மிலும் டயரிலும் சுற்றிலும் துடைக்க வேண்டும். எல்லாரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். ஒரு இலைக்காம்பு, ரெண்டு மணல் பரல் இடையில் மாட்டினால் போதும், காற்று நிற்காது. அப்புறம் சோப்புத் தண்ணீர் தடவி, லோடு கட்டும் ராட்செட் பெல்ட்டை டயரின் நடுப்பட்டையைச் சுற்றிப் போட்டு இறுக்குங்கள். நடு அமுங்க, இரண்டு பக்க விளிம்பும் வெளியே தள்ளி ரிம்மைத் தொடும். வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றிவிட்டு காற்று கொடுங்கள், அப்போதுதான் காற்று வேகமாக உள்ளே போகும். டயர் ரிம்மைப் பிடிக்கத் தொடங்கியதும் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக "டப்" "டப்" என்று இரண்டு சத்தம் கேட்கும். கேட்டபிறகு பின்னைப் போட்டு, மீட்டர் வைத்துச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தால் முடிந்தது. ஒரே எச்சரிக்கை: பீடிங் உட்கார அதிகபட்சம் எவ்வளவு காற்று என்று டயரின் பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கும். அதைத் தாண்டியும் உட்காரவில்லை என்றால் காற்றை விட்டுவிட்டு மறுபடி சோப்பு போடுங்கள், மேலே மேலே ஏற்றாதீர்கள், ரிம்மின் மேல் குனிந்துகொண்டு நிற்கவும் வேண்டாம். பெட்ரோலைத் தெளித்துத் தீக்குச்சி போட்டு டயரை உட்காரவைக்கும் வீடியோ பார்த்திருப்பீர்கள். அதை ரப்பர் தோட்டத்தில் செய்து பார்க்கிறவனை என்ன சொல்ல.

முன் டயர் விஷயத்துக்கு வருவோம். ஸ்ட்ரிப் போட்ட இடத்தில் குமிழி வரவில்லை, ஆனாலும் அரை மணி நேரத்தில் இறங்கியது என்கிறீர்கள். அப்படியானால் ஓட்டை அங்கே இல்லை, அல்லது அங்கே மட்டும் இல்லை. தோட்டத்தில் காற்று மெதுவாக இறங்கும் டயருக்கு நான் பார்க்கும் வரிசை வேறு. முதலில் வால்வு: வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு குமிழி வருகிறதா என்று பார்க்கலாம், உள்ளே இருக்கும் வால்வு பின் தளர்ந்திருந்தால் அதை இறுக்கினாலே போதும். அடுத்து வால்வின் அடிப்பகுதி. அது ரப்பர், வெயிலில் வெடித்திருக்கும், அல்லது போகிற வழியில் ஒரு கம்பு தட்டி ரிம்மோடு கிழிந்திருக்கும். விரலால் மெல்லச் சாய்த்துப் பார்த்தால் "ஸ்ஸ்" என்று சத்தம் வரும். அதற்கு அப்புறம் பீடிங் சுற்றிலும் சோப்புத் தண்ணீர். சேற்றில் ஓடிய வண்டிகளில் இதுவே பாதி. கடைசியாகத்தான் டயரில் ஆணி, கம்பி தேடுவது.

தோட்டத்தில் டயரைக் குத்துவது எது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் முள்ளைத்தான் பழிக்கிறார்கள். ரப்பர் மரத்தில் பால் வடிய சிரட்டையையோ பிளாஸ்டிக் கோப்பையையோ கம்பி போட்டுத்தான் மரத்தோடு கட்டியிருப்பார்கள். மரம் பருக்கப் பருக்க கம்பி இறுகும், துருப்பிடிக்கும், ஒரு நாள் தெறித்துக் கீழே விழும். அது சுருண்ட வாக்கில் ஒரு முனை மேலே நோக்கி இலைக்கு அடியில் கிடக்கும். பழைய மரங்களின் அடியில் ஒரு தடவை கையால் இலையைத் தள்ளிப் பாருங்கள், அந்தக் கம்பி கிடைக்கும். இது நடுப்பட்டையில்தான் ஏறும், ஸ்ட்ரிப்புக்கு அடங்கும். மோசமானது இன்னொன்று. காடு வெட்டும்போது, அதாவது மரங்களுக்கு நடுவே வளர்ந்த புதரை வெட்டும்போது, வெட்டுகத்தியைச் சாய்த்துத்தான் வீசுவார்கள், செடியின் அடிக்குற்றி சாய்வாக, கூராக நிற்கும். மரச்சீனி (மரவள்ளி) பிடுங்கிய இடத்திலும் இப்படித்தான். ஒரு மாதம் காய்ந்தால் அது ஆணிதான். பக்கச்சுவரைக் கிழிப்பது இதுதான். அதனால் புதிதாகக் காடு வெட்டிய பக்கம் தடத்தை விட்டு இறங்காதீர்கள், எதிரே வண்டி வந்தால்கூட நின்று வழி விடுங்கள்.

பக்கச்சுவரில் ஓட்டை விழுந்தால் காரில் டயரை மாற்றியே ஆக வேண்டும். ஏடிவியில் அழுத்தம் குறைவு என்பதால் அங்கேயும் ஸ்ட்ரிப் பெரும்பாலும் பிடித்து நிற்கும், கிழிசல் நீளமாக இருந்தால் இரண்டு மூன்று ஸ்ட்ரிப்பை ஒன்றாகத் திணிக்கலாம். ஆனால் அது வீடு வந்து சேர்வதற்கு மட்டும், அதுவும் மெதுவாக. வந்ததும் டயரை மாற்றுங்கள். ஸ்ட்ரிப் போடும்போது அரத்தை நன்றாக நாலைந்து தடவை உள்ளும் வெளியும் இழுத்து ஓட்டையைச் சொரசொரப்பாக்கி, சொலூஷன் தடவி, ஸ்ட்ரிப்பின் வால் வெளியே நிற்கும்படி இழுத்தால்தான் பிடிக்கும். அரைகுறையாகக் குத்தி நுழைத்ததெல்லாம் முதல் கல்லிலேயே துப்பிவிடும்.

டியூப் போடலாமா என்றால், வேண்டாம். இவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் நழுவித்தான் ஓடும், டியூப் அதோடு சேர்ந்து நகரும், வால்வு மட்டும் ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு நிற்கும், அடியோடு அறுந்துவிடும். ரிம்மே நெளிந்து காற்று நிற்காத நிலையில் தற்காலிகமாக வேண்டுமானால் போடலாம். டயருக்குள் ஊற்றும் சீலன்ட் சின்ன ஓட்டைகளுக்கு உதவும், ஆனால் பின்னால் அந்த டயரைக் கழற்றும் பஞ்சர் கடைக்காரர் உங்களை வாழ்த்த மாட்டார். என்னைக் கேட்டால் அடுத்த முறை டயர் வாங்கும்போது 6 பிளை (பிளை என்பது டயருக்குள் இருக்கும் அடுக்கு, எண் கூடினால் டயர் உறுதி) டயராகக் கேட்டு வாங்குங்கள். வண்டியோடு வந்தது பெரும்பாலும் அதைவிட மெல்லியதாகத்தான் இருக்கும். 6 பிளை கொஞ்சம் கனம், ஓட்டமும் சற்று முரட்டுத்தனம், ஆனால் வெட்டுக்குற்றிக்கு அதுதான் பதில். அளவை மாற்றாதீர்கள்: 25×10-12 என்றால் டயரின் உயரம் 25 அங்குலம், அகலம் 10, ரிம் 12. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒன்றை மட்டும் பெரிதாகப் போட்டால் உள்ளே கியரில்தான் போய் இடிக்கும்.

எடுத்துப்போக வேண்டியது அதிகமில்லை. அந்த மீட்டர், ஸ்ட்ரிப் கிட், வால்வு பின் ரெண்டும் அதைக் கழற்றும் சாவியும், வண்டி பேட்டரியில் மாட்டும் சின்ன கம்ப்ரஸர், ராட்செட் பெல்ட், சோப்புத் தண்ணீர் ஒரு பாட்டில், சக்கர நட்டுக்குச் சரியான ஸ்பேனர், ஜாக்கி, பலகை, இழுவைக்கு ஒரு பட்டைக் கயிறு. கம்ப்ரஸர் இல்லாவிட்டால் சைக்கிள் பம்பும் போதும், 5 பிஎஸ்ஐ தானே, தோள் வலிக்கும் அவ்வளவுதான், ஆனால் கழன்ற டயரை உட்காரவைக்க அது ஆகாது. இதெல்லாம் கடைசியில் வரும் வண்டியில் இருக்கட்டும். முன்னால் போகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது, தோட்டத்துப் பள்ளங்களில் போனில் சிக்னலும் கிடைக்காது. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் கொஞ்ச தூரம் ஓட்டியபின் நட்டுகளை மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

இனி மதினி விழுந்தது. இதை நான் டயரைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். பெரும்பாலான ஏடிவிகள் ஒருவருக்கென்று செய்தவை. சீட் நீளமாக இருப்பதைப் பார்த்து ரெண்டு பேருக்கு என்று நினைக்கிறோம். ஓட்டுகிறவர் ஏற்றத்தில் முன்னே நகரவும் இறக்கத்தில் பின்னே நகரவும், சரிவில் குறுக்கே போகும்போது மேட்டுப் பக்கம் சாயவும்தான் அந்த நீளம். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் ஓட்டுகிறவர் நகர முடியாது, பின்னால் இருப்பவரின் எடையோ பின் அச்சுக்கு மேலேயே. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரைக் கூட்டியதும் முன்பக்கம் தூக்கத்தான் செய்யும். இருவருக்கென்றே செய்த வண்டிகள் தனியாக வருகின்றன, அவற்றில் சக்கர இடைவெளி நீளம், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் இருக்கும். உங்களுடையது அது இல்லையென்றால் மதினி, அத்தை, குழந்தை யாரானாலும் பின்னால் ஏற்றாதீர்கள். முறை போட்டு ஓட்டுங்கள்.

ஏற்றத்தில் பாதியில் வண்டி நின்றுவிட்டால் உடலை முன்னே சாய்த்துக்கொண்டு பிரேக்கைப் பிடித்து பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள், மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். பின்னோக்கி உருளத் தொடங்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரைத் தொடக் கூடாது. முன் பிரேக்கும் பின் பிரேக்கும் தனித்தனியாக உள்ள வண்டியில் முன் பிரேக்கை மெல்லப் பிடியுங்கள். உருளும்போது பின் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தால் வண்டி உங்கள் மேலேயே புரளும். கட்டுப்படவில்லை என்றால் மேட்டுப் பக்கமாகக் குதித்து வண்டியைப் போகவிடுங்கள், வண்டி போனால் போகட்டும். இன்னொன்று, பைக் ஓட்டிப் பழகியவர்கள் வண்டி சாயும்போது காலை ஊன்றுவார்கள். ஏடிவியில் காலை இறக்கினால் பின் சக்கரம் அதன் மேல் ஏறும். கால் மிதியிலேயே இருக்க வேண்டும், செருப்பு போட்டு ஓட்டவே வேண்டாம். ஹெல்மெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

எப்போது போவது? நம்ம மாவட்டத்துக்கு ஜூன், ஜூலையிலும் மழை, அக்டோபர், நவம்பரிலும் மழை. நனைந்த செம்மண் சரிவில் எந்த டயரும் பிடிக்காது. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிரும்போது தடம் காய்ந்திருக்கும், ஆனால் முழங்கால் சருகு. சருகு சைலன்ஸர் பக்கம் அடைந்து சூட்டில் கருகித் தீப்பிடிக்கும், அதனால் நிறுத்தும்போதெல்லாம் குனிந்து பார்த்துக் கையுறையோடு எடுத்துப் போடுங்கள், சூடான வண்டியைச் சருகுக் குவியலில் நிறுத்தாதீர்கள். ஓடையைக் கடந்தால் தண்ணீர் கால்மிதிக்கு மேல் வரக் கூடாது. கடந்ததும் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் நனைந்தால் எஞ்சின் இரையும், வண்டி நகராது. நியூட்ரலில் போட்டுக் கொஞ்ச நேரம் ரேஸ் செய்தால் பெரும்பாலும் சரியாகும். பால் வெட்டு நடக்கும் காலை நேரத்தில் போகாதீர்கள், வெட்டுகிறவர்கள் பால் எடுத்து முடிந்த பிறகு போங்கள், ஒரு கோப்பை கவிழ்ந்தாலும் அவர்களுடைய உழைப்பு.

பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். காட்டுக்குள் வண்டியை விடாதீர்கள், அது சரணாலயம், யானை நடமாட்டமும் உண்டு. பதிவு எண் இல்லாத ஏடிவியைப் பொதுச்சாலையில் ஓட்டுவதும் குற்றம். உங்கள் தோட்டத்துக்கும் சொந்தக்காரர் தோட்டத்துக்கும் நடுவே பஞ்சாயத்து ரோடு இருந்தால் அதைக் கடப்பதும் அதே கணக்கில்தான் வரும், பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

பொதுச்சாலையில் அண்ணன் மகனை ஓட்டவிட்டால் இன்னும் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சாலையில் 18 வயது ஆகாதவர் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. தோட்டத்துக்குள்ளும் பெரிய வண்டி வேண்டாம். 90 சிசிக்கு மேற்பட்ட வண்டி 16 வயதுக்குக் கீழே கூடாது என்பதுதான் ஏடிவிக்கு அமெரிக்காவில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் அளவு. பையன் உயரமாக இருக்கிறான், பலசாலி என்பதெல்லாம் இதில் சேராது. வண்டி சாயும்போது எடையை மாற்றத் தெரிய வேண்டும், சாய்ந்துவிட்டால் அவ்வளவு கனத்துக்கு அடியிலிருந்து வெளியே வர வேண்டும். உங்களிடம் இருக்கும் சின்னதையே கொடுங்கள், எழுந்து நின்று ஓட்டும்போது சீட்டுக்கும் அவனுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் அந்த வண்டி அவனுக்குச் சிறிசு. சிறுவர் வண்டிகளில் ஆக்ஸிலேட்டர் அருகே ஒரு திருகு இருக்கும், அதை உள்ளே திருகினால் ஒரு அளவுக்கு மேல் வேகம் போகாது. முதல் சில நாள் அதை நன்றாக உள்ளே வைத்திருங்கள். எஞ்சினை நிறுத்தும் கயிறு இருந்தால் அதன் நுனியைப் பையனின் கையில் மாட்டிவிடுங்கள். அப்புறம் அந்தச் சின்ன டயரிலும் காற்று பாருங்கள், அதற்கு அளவு இன்னும் குறைவாக இருக்கலாம், ஸ்டிக்கரில் போட்டிருக்கும்.